எதற்குத் தீ வேண்டும்?



அழைப்பிதழில் என் பேச்சுக்குப் 'பச்சை உணவா, சமைத்த உணவா?' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பட்டிமன்றத்துக்குப் பொருத்தமான தலைப்பு. ஆனால் இந்த விஷயத்தில் இரண்டு அணியாகப் பிரிந்து வாதாட இடமே இல்லை என்று சொல்லத்தான் நாகர்கோவிலுக்கு வந்திருக்கிறேன். கொய்யாப்பழத்துக்கு ஒரு விடை, உங்கள் ஊர் மரச்சீனிக் கிழங்குக்கு வேறு விடை, கேரட்டுக்கு இன்னொரு விடை. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே எடுத்து, தீ இதில் எதைக் கொடுக்கிறது, எதை எடுக்கிறது என்று பார்த்தால்தான் முடிவுக்கு வர முடியும்.

இதை இப்போது பேச வேண்டிய தேவை இருக்கிறது. சர்க்கரை நோய் என்று மருத்துவர் சொன்ன மறுநாளே அடுப்பை மூடிவிட்டு, காலையில் முளைகட்டிய பயறு, மதியம் பச்சைக் காய்கறி, இரவில் பழம் என்று மாறிவிடுகிறவர்களைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற அக்கறையில் செய்கிறார்கள். அந்த அக்கறை உயர்ந்தது. அதனால்தான் அது சரியான வழியில் போக வேண்டும் என்று எனக்குக் கவலை. இன்னொரு பக்கம், கீரையை முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, நிறம் செத்துப் பழுப்பாகிப்போன பிறகு சாப்பிடுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

முதலில் ஒரு அடிப்படை. பழம் என்பது ஒரு மரம், தன் விதையைச் சுமந்து கொண்டுபோய்ப் போடுகிற பறவைக்கும் வௌவாலுக்கும் குரங்குக்கும் கொடுக்கிற கூலி. விதை முற்றாதவரை காய் துவர்க்கும், புளிக்கும், பால் வடியும். விதை முற்றியதும் நிறம் மாறி, மணம் வந்து, இனித்துவிடும். அதாவது, தின்னப்படுவதற்காகவே பழம் பழுக்கிறது. அதனால்தான் பழுத்த பழத்தை நாம் பெரும்பாலும் அப்படியே தின்கிறோம், வேகவைத்தாக வேண்டிய தேவை இல்லை.

விதையும் கிழங்கும் அப்படியல்ல. விதை செடியின் அடுத்த தலைமுறை. கிழங்கு அதன் சேமிப்பு. யாராவது தின்றுவிட்டால் செடிக்கு நஷ்டம். செடியால் ஓட முடியாது, கடிக்க முடியாது. ஆகவே வேதிப்பொருள்களை வைத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. சேனையிலும் சேப்பங்கிழங்கிலும் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. நாக்கிலும் தொண்டையிலும் குத்தி நமைச்சல் எடுக்கவைப்பவை அவைதாம். சோயாவிலும் கொள்ளிலும் நம் குடலில் புரதத்தைச் செரிக்கவைக்கும் நொதியைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. பழம் நீங்கலாக நாம் தின்னும் பெரும்பாலான தாவர உணவு, நாம் தின்னக் கூடாது என்று செடி முயன்று பாதுகாத்தவைதான். இந்த ஒரு எண்ணத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் சமையலறையில் பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும்.

இதற்கு உங்கள் மாவட்டத்துக் கிழங்கையே எடுத்துக்கொள்வோம். மரச்சீனி, அதாவது மரவள்ளி, தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். குமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் ராம வர்மா அதன் சாகுபடியை ஊக்குவித்தார். அரிசி கிடைக்காத காலங்களில் இந்த நிலத்து ஏழைகளின் வயிற்றை நிரப்பியது இந்தக் கிழங்குதான்.

ஒரு கிழங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே மண் ஒட்டிய மெல்லிய பழுப்புத் தோல். அதற்கு உள்ளே வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தடித்த இன்னொரு தோல். கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு நெம்பினால் பட்டையாகக் கழன்று வரும். அதற்கும் உள்ளே வெள்ளைச் சதை, நடுவில் ஒரு நரம்பு. இந்தக் கிழங்கு முழுவதும் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. தடித்த தோலில் அதிகமாக இருக்கிறது. திசுக்களில் வேறோர் இடத்தில் லினமாரேஸ் என்ற நொதி இருக்கிறது. கிழங்கு முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. எலி கடித்தாலோ நாம் வெட்டினாலோ செல்கள் உடைந்து இரண்டும் கலக்கும். ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். ஆம், கொடிய நஞ்சென்று நாம் கேள்விப்பட்ட அதே சயனைடுதான்.

இதை எப்படி நீக்குவது? தோலை இரண்டு அடுக்கும் நீக்கி, சிறு துண்டுகளாக நறுக்கி, தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுவைத்து, நிறையத் தண்ணீர் விட்டு, மூடாமல் அவித்து, அவித்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். இந்த ஊர் அம்மாக்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு படிக்கும் பின்னால் இருக்கும் காரணம் அருமையானது. சிறு துண்டாக நறுக்கும்போது நொதியும் லினமாரினும் அதிக இடங்களில் சந்திக்கின்றன. நஞ்சு அடுப்பேறும் முன்பே வெளியேறத் தொடங்குகிறது. ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை ஏறத்தாழ 26 டிகிரி செல்சியஸ்தான். அதனால் திறந்த பாத்திரத்தில் எளிதாக ஆவியாகிப் போய்விடும். லினமாரின் தண்ணீரில் கரையும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மிச்சமும் போகும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பெரிய துண்டுகளை நேராகக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால், நொதி முதலில் வெந்து செயலிழந்துவிடும். லினமாரின் வெறும் சூட்டுக்கு எளிதில் சிதையாது. அதை உடைக்க நொதியும் இல்லை என்றால் கிழங்கிலேயே தங்கிவிடும். அதாவது, நன்றாக வெந்துவிட்டது என்று நாம் நினைக்கிற கிழங்கிலும் நஞ்சு மிச்சமிருக்கலாம். திருவனந்தபுரம் ஸ்ரீகார்யத்தில் இருக்கிற மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இதையெல்லாம் அளந்து பார்த்திருக்கிறது: துண்டு சிறுத்து, தண்ணீர் கூடக்கூட, நஞ்சு குறைகிறது. நாம் வீட்டில் அவித்துத் தின்கிற ரகங்களில் நஞ்சு குறைவுதான், பயப்பட வேண்டாம். ஆனால் குக்கரில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, மூடிபோட்டு, இரண்டு விசிலில் இறக்குகிற புதுப் பழக்கத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்த வேலையைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் சாட்சி இருக்கிறது. கோன்சோ என்று ஒரு நோய். 1938இல் பெல்ஜியக் காங்கோவில் பணியாற்றிய ட்ரோலி என்ற மருத்துவர் இதைப் பதிவு செய்தார். வறட்சியிலும் போரிலும் மக்கள் கசப்பு ரக மரவள்ளியை மட்டுமே நம்பியிருக்கும்போது, பல நாள் ஊறவைத்து உலர்த்த வேண்டிய கிழங்கை அவசரத்தில் அரைகுறையாகப் பக்குவம் செய்து உண்ணும்போது, குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் திடீரென்று கால்கள் விறைத்துப்போய்விடுகின்றன. திரும்பச் சரியாவதில்லை. சயனைடை உடல் ஓரளவு தானே முறித்துக்கொள்ளும்; அதற்குக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் வேண்டும், அதாவது நல்ல புரதம் வேண்டும். அந்த மக்களுக்குப் புரதமும் கிடைக்கவில்லை. குமரியில் கிழங்கோடு மீன் குழம்பு வைத்துத் தின்கிறீர்களே, அந்தச் சேர்க்கை ருசிக்காக மட்டும் நல்லதல்ல.

கிழங்கைப் பச்சையாக யாரும் தின்பதில்லை, அதனால் இது நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். பயறுக்கு வருகிறேன். அங்கேதான் இப்போது தவறு நடக்கிறது.

ராஜ்மா என்று நாம் வாங்குகிற சிவப்புக் காராமணி போன்ற பெரிய பயறு, நம் பாட்டிமார் அறியாதது. அங்காடிகள் வழியாக வந்தது. அதையும் பாசிப்பயறைப்போல முளைகட்டிப் பச்சையாகச் சாலட்டில் போடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அதில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் வகை நஞ்சு ஏராளமாக இருக்கிறது. நான்கைந்து பயறு பச்சையாகத் தின்றாலே போதும், ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் குமட்டலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்துவிடும். அரைவேக்காடு இன்னும் மோசம். 80 டிகிரி அளவில் மெதுவாகச் சூடாகும்போது நஞ்சு குறைவதற்குப் பதிலாகக் கூடவும் செய்யும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. நம் பிரஷர் குக்கர் இந்த வேலையை அழகாகச் செய்துவிடும். மரச்சீனிக்கு நான் வேண்டாம் என்ற அதே குக்கர் ராஜ்மாவுக்கு நல்ல துணை.

இங்கே நம் முன்னோரின் தேர்வைக் கவனியுங்கள். ராமநவமிக்குக் கோசுமல்லி செய்கிறோம். அதில் ஊறவைத்த பருப்பு பச்சையாகவே போகிறது. எந்தப் பருப்பு? தோல் நீக்கிய பாசிப்பருப்பு. மொச்சையைப் போடுவதில்லை, அவரை விதையைப் போடுவதில்லை, காராமணியைப் போடுவதில்லை. பருப்பு வகைகளில் இந்தத் தடைப்பொருள்கள் குறைவாகவும், எளிதில் செரிப்பதாகவும் உள்ளது பாசி. நோயாளிக்குக் கொடுக்கும் கஞ்சியிலும் அதுதான் சேர்கிறது. மொச்சையையோ இரவு ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, குழைய வேகவைத்த பிறகுதான் இலைக்குக் கொண்டுவருவார்கள். லெக்டின் என்ற பெயர் தெரியாமல், வயிற்றில் பட்டதை வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். இந்த அறிவை நான் மிகவும் மதிக்கிறேன். புதிதாக ஒரு பயறு கடைக்கு வரும்போது அதற்கு இந்த அனுபவம் நம்மிடம் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

சரி, பாசிப்பயறு முளைகட்டினால் பச்சையாகத் தின்னலாம்தானே? இதற்குப் பதிலைத் தயங்கியே சொல்கிறேன், ஏனென்றால் முளைப்பயறு எனக்கும் பிடித்தது. முளைக்கும்போது பயறில் வைட்டமின் சி உண்டாகிறது, வாயு உண்டாக்கும் சர்க்கரைகள் குறைகின்றன, இரும்பைப் பிடித்துவைக்கும் பைட்டேட் குறைகிறது. எல்லாம் உண்மை. ஆனால் ஈரத்துணியில் கட்டி, இளஞ்சூட்டில், ஒன்றிரண்டு நாள் வைக்கிறோமே, அந்த ஈரமும் சூடும் பயறுக்கு எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு பாக்டீரியாவுக்கும் பிடிக்கும். விதைத் தோலின் நுண்ணிய வெடிப்பில் வயலிலிருந்தே ஒட்டிவந்த ஒரு சில கிருமிகள், முளை வருவதற்குள் பல லட்சமாகப் பெருகிவிடும். அலசினால் போகாது.

2011 மே மாதம் ஜெர்மனியில் ஈ.கோலை கிருமியின் ஒரு கொடிய வகை பரவியது. முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய்மீது பழி விழுந்தது; அந்த விவசாயிகள் வெள்ளரிக்காயைக் குப்பையில் கொட்டினார்கள். பிறகு உண்மை தெரிந்தது. லோயர் சாக்சனி மாநிலத்தில் ஒரு பண்ணையில் முளைகட்டிய பயறு வகைகள்தாம் காரணம். எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையோடு கிருமி வந்திருந்தது. ஏறக்குறைய 4,000 பேர் நோயுற்றார்கள். 50 பேருக்கு மேல் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் வளர்ந்தவர்கள், அதிலும் பெண்கள். நலமாக வாழ வேண்டும் என்று முளைப்பயறைத் தேடிச் சாப்பிட்டவர்கள். சுத்தத்துக்குப் பேர்போன நாட்டில் நடந்தது இது.

ஆகவே என் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன். முளைகட்டிய பயறை இட்லிப் பானையில் தட்டில் பரப்பி, ஆவி நன்றாக வந்த பிறகு ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல், பயறு உள்வரை சூடேறும்படி வேகவைத்து எடுத்துவிடுவேன். நறுக்கென்ற கடிபதம் இருக்கும். வைட்டமின் சி கொஞ்சம் போகும், போகட்டும். அதற்கு ஈடாக மேலே ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளலாம்.

கிருமி என்றதும் முட்டைக்கோஸைப் பற்றி நிச்சயம் யாராவது கேட்பீர்கள். கோஸில் இருக்கும் புழு மூளைக்குப் போய்விடும் என்று ஒரு பயம் ஊரெல்லாம் இருக்கிறது. பயத்துக்குக் காரணம் உண்டு, ஆனால் குற்றவாளி வேறு. இலையில் நெளியும் பச்சைப் புழு ஒரு வண்ணத்துப்பூச்சியின் அல்லது அந்துப்பூச்சியின் குஞ்சு. அது உங்கள் மூளைக்குப் போகாது. மூளையில் நீர்க்கட்டி உண்டாக்குவது பன்றி நாடாப்புழு. அந்தப் புழு மனிதக் குடலில் வாழ்ந்து, மலத்தோடு முட்டைகளை வெளியேற்றும். அந்த மலம் கலந்த தண்ணீரில் வளர்ந்த அல்லது கழுவப்பட்ட காய்கறியைப் பச்சையாகத் தின்றால் முட்டை நம் வயிற்றுக்குள் போய், அங்கே பொரித்து, இரத்தத்தின் வழியே மூளையை அடையும். வலிப்பு வரும். வாழ்நாளில் பன்றி இறைச்சியே தொடாதவர்களுக்கும் இது வருவதன் காரணம் இதுதான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர்கள் இந்த நோயைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

அந்த முட்டையைக் கண்ணால் பார்க்க முடியாது. உப்புத் தண்ணீருக்கும் மஞ்சள் தண்ணீருக்கும் அது செத்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. வேகும் சூட்டுக்குச் சாகும். கோஸுக்கு மேல் இரண்டு மூன்று இலைகளை எடுத்துப் போட்டுவிட்டு, இலை இலையாகப் பிரித்து, குழாய்த் தண்ணீர் ஓடும்போது தேய்த்துக் கழுவி, பிறகு பொரியல் செய்யுங்கள். கொத்தமல்லித் தழை, புதினா, லெட்டூஸ் போன்று மண்ணுக்கு அருகில் வளர்ந்து பச்சையாகவே போகிறவற்றுக்கு இதைவிட அதிகக் கவனம் வேண்டும். தள்ளுவண்டியில் நறுக்கிவைத்த வெள்ளரியைவிட, முழு வெள்ளரி வாங்கி வீட்டில் கழுவித் தோல் சீவுவதே நல்லது. நம் நாட்டில் பச்சைக் காய்கறி பற்றிய கேள்வி, பாதி சாக்கடையும் கழிப்பறையும் பற்றிய கேள்வி. ஊட்டச்சத்துப் பேச்சில் இதை யாரும் தொடுவதில்லை.

இதுவரை தீ எதை அழிக்கிறது என்று சொன்னேன். அது எதைத் திறந்து கொடுக்கிறது என்பதும் முக்கியம்.

கேரட்டைப் பச்சையாகக் கடித்துத் தின்றால் கண்ணுக்கு நல்லது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். கேரட்டில் பீட்டா கரோட்டின் இருப்பது உண்மை. ஆனால் அது கெட்டியான செல் சுவருக்குள் அடைபட்டிருக்கிறது; எண்ணெயில்தான் கரையும். ஸ்வீடனில் 2002இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வகத்தில் செரிமானத்தைப்போல நடத்திப் பார்த்தார்கள். பச்சைத் துண்டுகளிலிருந்து வெளிவந்த பீட்டா கரோட்டின் 3 சதவீதம். நன்றாக அரைத்தால் 21. அரைத்ததை வேகவைத்தால் 27. எண்ணெயும் சேர்த்தால் 39. நம் கேரட் பொரியல், தேங்காய்த் துருவலும் கடுகு தாளித்த எண்ணெயுமாக, எவ்வளவு சரியாக அமைந்திருக்கிறது பாருங்கள். தக்காளியும் இப்படித்தான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், அதே 2002இல், தக்காளியை 88 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கினார்கள். வைட்டமின் சி ஏறத்தாழ 29 சதவீதம் குறைந்தது. தக்காளியின் சிவப்பு நிறமியான லைக்கோபீனோ இரண்டரை மடங்குக்குமேல் கூடுதலாகக் கிடைத்தது. ஒரே தீ ஒன்றை எடுத்து மற்றொன்றைக் கொடுத்திருக்கிறது.

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் தம்பிகளுக்காக முட்டையையும் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியத்தில் 1998இல் மனிதர்களிடம் நேரடியாக அளந்தார்கள். சமைத்த முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய 91 சதவீதம் செரித்தது. பச்சை முட்டையில் 51தான். பச்சையாக உடைத்துக் குடிக்கிற முட்டையில் பாதிப் புரதம் வீண். சால்மொனெல்லா வரும் ஆபத்து கூடுதல் செலவு.

மாவுச்சத்துக்கும் இதே கதைதான். அரிசியைப் பச்சையாக மென்றால் அந்த மாவுமணிகளை நம் உமிழ்நீரால் எளிதில் உடைக்க முடியாது. தண்ணீரோடு சேர்ந்து 60, 70 டிகிரிக்குப் போனால் அவை உப்பி இளகி விடுகின்றன. ஹார்வர்டு மானிடவியலாளர் ரிச்சர்ட் ராங்கம் 2009இல் எழுதிய நூலில், நெருப்பில் சமைத்ததால்தான் மனிதனின் பல்லும் குடலும் சிறுத்து மூளை பெருத்தது என்று வாதிட்டார். காலக்கணக்கில் அவரோடு உடன்படாத அறிஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் சிம்பன்சி ஒரு நாளில் பல மணி நேரம் மென்றுகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, நமக்கு அது தேவைப்படுவதில்லை என்பதில் சண்டை இல்லை.

தீயை முற்றிலும் விட்டவர்களுக்கு என்ன ஆயிற்று? காந்தியடிகள் இதைத் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். 1893இல் பிரிட்டோரியாவில், 23 வயதில், ஊறவைத்த கோதுமை, பயறு, உலர்ந்த பழம், கொட்டைகள் என்று வாழ்ந்து பார்த்தார். பலவீனமும் பசியும் வந்து சில நாள்களில் நிறுத்திவிட்டார். அதை மறைக்காமல் மறு ஆண்டு லண்டன் 'தி வெஜிடேரியன்' இதழில் எழுதினார். 1929இல் சபர்மதி ஆசிரமத் தோழர்களோடு மறுபடியும் தொடங்கினார். வயிற்றுக்கடுப்பு வந்து அதையும் விட வேண்டியதாயிற்று. அதையும் 'யங் இந்தியா'வில் எழுதினார். நம்பிக்கையோடு தொடங்கியதை உடம்பு மறுத்தபோது, ஊரறியச் சொல்லி நிறுத்திய அந்த நேர்மை, இன்று இயற்கை உணவு பேசுகிற எல்லோருக்கும் வேண்டும். ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகம் 1999இல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட காலம் பச்சை உணவில் வாழ்ந்த 513 பேரை விசாரித்தார்கள். ஆண்கள் சராசரியாக 9.9 கிலோவும் பெண்கள் 12 கிலோவும் எடை குறைந்திருந்தார்கள். 45 வயதுக்குக் குறைந்த பெண்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கு மாதவிலக்கு பகுதியாகவோ முழுமையாகவோ நின்றிருந்தது. எடை குறைந்ததை மட்டும் பார்த்து மகிழ்கிறவர்கள் கடைசி வரியையும் படிக்க வேண்டும்.

இப்போது தீ எடுத்துக்கொள்வதைப் பார்ப்போம். முதலில் வைட்டமின் சி. சூட்டிலும் காற்றிலும் அழியும், தண்ணீரில் கரைந்து போகும். ஆனால் அதற்காகக் கீரையைப் பச்சையாக மெல்ல வேண்டியதில்லை. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்குமேல் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஆணுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைத்திருக்கிறது. நடுத்தரக் கொய்யா ஒன்று போதும். நெல்லிக்காயும் எலுமிச்சையும் இருக்கின்றன. இந்த வைட்டமினைப் பழத்திடமிருந்து வாங்கிக்கொண்டு, கீரையை வேகவைத்து அதிலுள்ள மற்றதை வாங்குங்கள். அரைக்கீரை, பசலை போன்றவற்றில் ஆக்சலேட் இருக்கிறது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் வெந்த தண்ணீரைக் கொட்டிவிடுவது நல்லது. இரத்தசோகை இருப்பவர்கள் இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தால் கீரையின் இரும்பு கூடுதலாக உறிஞ்சப்படும். பூண்டை நசுக்கிப் பத்து நிமிடம் வைத்துவிட்டு அடுப்பில் போடுங்கள். அல்லிசினை உண்டாக்கும் நொதி சூட்டில் செயலிழக்கும் முன் தன் வேலையை முடித்துக்கொள்ளும்.

பி வைட்டமின்கள் பற்றி ஒரு வரலாறு இருக்கிறது. நாம் பெருமையோடு நினைக்க வேண்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கில் மக்களைக் கொன்றது. தீட்டிய பச்சரிசி தின்ற சீனத் தொழிலாளர்களுக்கு வந்தது. அதே மலாயாவில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு அரிதாகவே வந்தது. பிராடன் என்ற மருத்துவர் இந்த வேறுபாட்டை ஆராய்ந்து 1907இல் நூலாக எழுதினார். தமிழர்கள் தின்றது புழுங்கலரிசி. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் இருக்கும் தயமின் என்ற பி வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்கி, பிறகு தீட்டினாலும் போகாமல் தங்கிவிடுகிறது. சூடு சத்தை அழிக்கிறது என்று மட்டும் சொல்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. பிறகு குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் மெக்காரிசனும் அய்க்ராய்டும் நடத்திய, இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்திருக்கும் ஆய்வகம், அரிசியைப் பற்றி நிறைய அளந்து சொன்னது. அந்தப் புழுங்கலரிசியை நாமே நிறையத் தண்ணீரில் வடித்துக் கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றினால் பாதி பலன் போய்விடுகிறது. கஞ்சியைக் குடியுங்கள்.

தீயால் ஆகாதவையும் உண்டு. பச்சை நிறம் பிடித்து முளைவிட்ட உருளைக்கிழங்கின் சொலனின் கொதிக்கும் சூட்டுக்கு அழியாது, தூக்கி எறியுங்கள். பூஞ்சை பிடித்த நிலக்கடலையின் அஃப்ளாடாக்சின் வறுத்தாலும் முழுதாகப் போகாது. வெயில் காலத்தில் மணிக்கணக்காக வெளியே கிடந்த சோற்றில் பாசில்லஸ் சீரியஸ் கிருமி விட்டுப்போகும் வாந்தி நஞ்சு, மறுபடி சூடு செய்தாலும் அழியாது. இவற்றில் தீயை நம்பக் கூடாது.

கடைசியாக, யார் சாப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தும் விடை மாறும். நலமாக இருக்கும் முப்பது வயதுக்காரர் வெள்ளரி, தக்காளி, வெங்காயம், கேரட் என்று ஒரு தட்டுப் பச்சடி கழுவி நறுக்கிச் சாப்பிடட்டும், நான் மகிழ்வேன். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், எழுபது தாண்டியவர்கள், சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின் மருந்து எடுப்பவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள் ஆகியோருக்கு முளைப்பயறும், காய்ச்சாத பாலும், அரைவேக்காட்டு முட்டையும் கூடாது. அவர்களின் உடம்பில் நோயை எதிர்க்கும் படை குறைந்திருக்கும். கீமோதெரபி நடக்கும் உறவினரைப் பார்க்கப் போகும்போது அன்போடு முளைப்பயறுச் சாலட்டும் கோதுமைப்புல் சாறும் கொண்டுபோகிறவர்கள் நம் ஊரில் பலர். அவற்றை விட்டுவிடுங்கள். தடித்த தோல் உள்ள ஆரஞ்சையும் வாழைப்பழத்தையும் கழுவி முழுதாகக் கொண்டுபோங்கள், சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகு உரித்துக் கொடுங்கள். சூடாக ஏதாவது வேண்டுமென்றால், குழைய வேகவைத்த பாசிப்பருப்புக் கஞ்சியைப் பிளாஸ்க்கில் ஊற்றிக் கொண்டுபோங்கள்.